டிப்ஸ்டிக் இல்லாத வண்டி

அம்பாசிடர் காலத்துக் கையேட்டில் எல்லாம் இருந்தது. டேப்பட் இடைவெளி எவ்வளவு, பிளக் இடைவெளி எவ்வளவு, எந்த நிப்பிளுக்கு எப்போது கிரீஸ் அடிக்க வேண்டும், கார்புரேட்டரில் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று படம் போட்டு அச்சடித்திருந்தார்கள். வண்டி வாங்கியவனுக்குக் கையும் அறிவும் உண்டு என்று அதை எழுதியவர்கள் நம்பினார்கள். இன்றைய சொகுசு வண்டிகளின் கையேடுகள் அதைவிடப் பல மடங்கு தடிமன். ஃபோனை எப்படி இணைப்பது, இருக்கையை எப்படி நகர்த்துவது என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். பானெட்டுக்குக் கீழே இருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், எந்த நிறுவனமானாலும் ஒரே பதில்தான்: சர்வீஸ் சென்டரை அணுகவும்.

இரண்டு காலத்து வண்டிகளையும் என் கையால் பராமரித்தவன் என்ற முறையில், நடுவில் எதையோ நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. அதை முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசியாவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதும் என் அனுபவம்.

அப்பா பீளமேட்டில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், யாரோ ஓட்டித் தேய்த்த மார்க் 3 அம்பாசிடர் ஒன்றை வாங்கி வந்தார். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்து வண்டியின் வார்ப்பில், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. ஐம்பதுகளின் இறுதியில் வரத் தொடங்கி 2014இல்தான் நின்றது. 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர், முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை. கோயம்புத்தூரில் அப்படியொரு வண்டியை வைத்துக் காப்பாற்றுவது பெரிய காரியமில்லை. தெருவுக்கு ஒரு லேத், சந்துக்கு ஒரு ஃபவுண்டரி இருந்த ஊர். 1920லேயே ஒற்றைப் பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர். ஸ்பேர் கிடைத்தால் உக்கடத்தில் வாங்குவார்கள், கிடைக்காவிட்டால் கடைந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் அப்பா பழைய கைலியைக் கட்டிக்கொண்டு பானெட்டைத் தூக்குவார். பேட்டரியின் ஆறு மூடியையும் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வேலை. ரேடியேட்டரில் தண்ணீர், டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து எண்ணெய் மட்டம், கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகி உள்ளே சில சொட்டு எண்ணெய். இவையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். அப்பா நேரம் எடுத்துக்கொள்வது கான்டாக்ட் பாயிண்டில்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு மூடியை ஒதுக்கிவைப்பார். ரோட்டாரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நான் வண்டியின் முன்னால் ஹேண்டிலைச் செருகி மெல்லச் சுற்ற வேண்டும். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... நிறுத்து கண்ணு." கேமின் மேடு வந்து பாயிண்ட் முழுசாக விரிந்து நிற்கிற இடம் அது. ஃபீலர் கேஜில் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) தகட்டை விரித்து இடையில் விடுவார். தகடு லூசாகப் போய் வரவும் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது. விரலுக்கு லேசாக ஓர் இழுப்பு தெரிய வேண்டும். அந்த இழுப்பைத் தெரிந்துகொள்ள என் விரலையும் தகட்டில் வைக்கச் சொல்வார். அதற்கு முன்பே பாயிண்டின் இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் பார்த்திருப்பார். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் விழுந்திருந்தால் பாயிண்டைத் தேய்த்துப் பயனில்லை, கண்டென்சர்தான் சரியில்லை. எந்த முகத்தில் குழி என்பதை வைத்து அது எப்படிக் கெட்டிருக்கிறது என்றும் சொல்வார். எனக்கு வயது பத்து இருக்கும். ஒரு சின்ன உலோகப் பொட்டு, வேறெங்கோ இருக்கிற கோளாறைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அங்கேதான் கற்றேன். வகுப்பில் படித்த எந்த இயற்பியல் பாடமும் எனக்கு அவ்வளவு ஆழமாக இறங்கவில்லை.

அப்பா வண்டிக்குச் செய்த மேம்பாடுகளும் வெளியே தெரியாதவை. அக்கம்பக்கத்தில் பலரும் பின் கண்ணாடிக்குத் திரை, பம்பருக்கு மேல் கூடுதல் கம்பி, கலர் பல்பு என்று போட்டுக்கொண்டிருந்த காலம். அவர் போட்டது ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே. அந்த வண்டியில் விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து காலால் அமுக்கும் டிம் சுவிட்சுக்கு இறங்கி, மெல்லிய ஒயரில் நீண்ட சுற்றுச் சுற்றித்தான் பல்புக்குப் போகும். போகிற வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் வரை போய்விடும் என்பது பல்பின் குணம். அப்பா பேட்டரிக்குப் பக்கத்தில் ரிலேயை வைத்து, தடிமனான ஒயரை ஃபியூஸோடு நேராகப் பல்புக்கு இழுத்தார். பழைய சுவிட்சுக்கு இனி ரிலேயைத் தட்டிவிடுகிற வேலை மட்டும்தான். பல்பு அதேதான், சுவிட்சும் அதேதான். அன்றிரவு பாலக்காட்டு ரோட்டில் போய்ப் பார்த்தோம். மதுக்கரை தாண்டியதும் ஓரத்துப் புளியமரங்களின் சுண்ணாம்புப் பட்டை வரிசையாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க பண்ணுனீங்க? ஒண்ணும் தெரியலையே" என்றார். "ஓட்டிப் பாருங்க" என்று அப்பா சாவியைக் கொடுத்தார்.

ஊட்டிக்குப் போகும்போது பர்லியாறுக்கு மேல் வண்டி திணறி நின்றால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவது, ஃபேன் பெல்ட் அறுந்தால் மாட்ட மாற்றுப் பெல்ட்டை டிக்கியில் தயாராக வைத்திருப்பது என்று அந்தக் கதைகள் எல்லா அம்பாசிடர் வீட்டிலும் உண்டு. விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வண்டி தொண்ணூறுகளின் நடுவில் விலைக்குப் போனது. வாங்கியவரிடம் அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டைச் சேர்த்துக் கொடுத்தார். எந்தத் தேதியில் என்ன மாற்றினார், ரிலே ஒயரிங் எப்படிப் போகிறது என்ற படம் எல்லாம் அதில் இருந்தது.

நான் சென்னையில் குடியேறி, சின்னக் கார்களைப் பல வருடம் ஓட்டிவிட்டு, பழைய பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 ஒன்றை வாங்கினேன். எஃப்15 என்று அந்தத் தலைமுறையைச் சொல்வார்கள். சிங்கப்பெருமாள்கோவில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் தொடங்கிய ஆலையில் பொருத்தப்பட்டது என்பதால் ஊர்க்கார வண்டி என்ற பாசமும் சேர்ந்துகொண்டது. 2,993 சி.சி. ஆறு சிலிண்டர் டீசல், 258 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். முதல் ஞாயிறு பானெட்டைத் தூக்கினேன். எஞ்சின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடி. டிப்ஸ்டிக்கைத் தேடினேன், கிடையாது. எண்ணெய் மட்டத்தைச் சென்சார் அளந்து உள்ளே திரையில் காட்டும். பேட்டரியைத் தேடினேன், அங்கே இல்லை. பின்னால் டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது. முன்னால் இருப்பது சார்ஜ் ஏற்றுவதற்கான இரண்டு முனைகள் மட்டும். ஸ்டெப்னியும் இல்லை. காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர். இதில் எனக்கு வேலையே இல்லை என்றுதான் முதலில் தோன்றும் யாருக்கும்.

வேலை இருக்கிறது. இடம்தான் மாறியிருக்கிறது. அம்பாசிடரில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்த வேலைகள், இந்த வண்டியில் மூடிகளுக்கும் விரிப்புகளுக்கும் பின்னால் போய்விட்டன.

முதலில் சொல்ல வேண்டியது கூரைக் கண்ணாடியை. சன்ரூஃப் வைத்த எந்த வண்டியானாலும் அதன் ரப்பர் பட்டை தண்ணீரை முழுதாகத் தடுக்காது. தடுக்கவேண்டும் என்று செய்யப்பட்டதும் இல்லை. உள்ளே இறங்கும் தண்ணீரைச் சுற்றிலும் இருக்கும் வாய்க்கால் பிடித்து, நான்கு மூலையிலும் உள்ள குழாய்களில் இறக்கிவிடும். முன்னிரண்டு குழாய்கள் முன்கண்ணாடித் தூண்களுக்குள்ளும், பின்னிரண்டு பின் தூண்களுக்குள்ளும் ஒளிந்து இறங்கி, வண்டிக்கு அடியில் வெளியேறும். எங்கள் மடிப்பாக்கம் தெருவில் வேம்பும் புங்கையும் வரிசையாக நிற்கின்றன. பங்குனி, சித்திரையில் பூ கொட்டும். அந்தப் பூவும் தூசியும் வாய்க்காலில் சேர்ந்து குழாயின் வாயை அடைத்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் வண்டிக்குள் தரைவிரிப்புக்கு அடியில் இறங்கும். அங்கேதான் ஒயர்க் கட்டுகள் படுத்திருக்கின்றன. சொகுசு வண்டியில் ஈரம் முதலில் கெடுப்பது மின்னணுவைத்தான். வாடை வந்து நமக்குத் தெரிவதற்குள் கனெக்டரில் பச்சை பூத்துவிடும்.

அதனால் புரட்டாசியில் ஒரு நாள் இதற்கென்றே ஒதுக்குகிறேன். கூரையை முழுசாகத் திறந்து, வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கறுப்புச் சேறாக வரும். பிறகு சின்ன பாட்டிலால் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். மகள் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பாள். "வருதுப்பா... வலது முன்பக்கம் நல்லா வருது." இன்னொரு மூலையில் விட்டால் சத்தம் வராது. வாய்க்காலில் தண்ணீர் நின்று மெல்லத்தான் வடியும். அங்கே தடிமனான தூண்டில் நரம்பின் முனையைத் தீயில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, குழாய்க்குள் சுழற்றிச் சுழற்றி இறக்குவேன். ஓர் இடத்தில் தட்டும், பிறகு வழுக்கிக்கொண்டு போகும். அடியில் ஒரு கொத்துப் பூச்சருகோடு தண்ணீர் கொட்டும். கம்ப்ரஸர் காற்றை அடித்து விரட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால், கூரைத் துணி முழுவதையும் இறக்கித்தான் மாட்ட முடியும். வேலை முடிந்ததும் ரப்பர் பட்டைகளில் சிலிக்கான் தடவுகிறேன். சென்னை வெயிலில் ரப்பர் வெடிக்காமல் இருக்கிறது. கதவுகளும் சத்தமில்லாமல் மூடுகின்றன.

மேலிருந்து வரும் தண்ணீருக்கு இது போதும். கீழிருந்து வரும் தண்ணீருக்கு எங்கள் பகுதியில் வேறு வழிதான். 2024 அக்டோபரில் பெருமழை வருகிறது என்றதும் வேளச்சேரி, மடிப்பாக்கம் மக்கள் வண்டிகளை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை நாடே பார்த்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டீசல் எஞ்சினுக்குள் காற்று வழியாகத் தண்ணீர் போய்விட்டால், பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காமல் தூக்கிச் செல்ல வைப்பதுதான், நாம் அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய பராமரிப்பு.

பேட்டரி விஷயம் அப்பாவுக்குப் புதிராக இருந்திருக்கும். அவர் பேட்டரி மாற்றினால் இரண்டு முனையைக் கழற்றி மாட்டுவார், கொஞ்சம் வாஸலின் தடவுவார், அவ்வளவுதான். இந்த வண்டியில் புதுப் பேட்டரி வைத்தால், வைத்திருக்கிறோம் என்று வண்டியின் கணினிக்கும் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு வயதாக ஆக, சார்ஜ் ஏற்றும் முறையைக் கணினி மாற்றிக்கொண்டே வரும். சொல்லாவிட்டால் புதுப் பேட்டரியையும் கிழட்டுப் பேட்டரியாகவே நடத்தி, சீக்கிரம் கெடுத்துவிடும். வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவியும் ஃபோனில் ஒரு செயலியும் இருந்தால் வீட்டிலேயே பதிந்துவிடலாம். இன்னொன்றை ரோட்டோரக் கடைகளில் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரி வண்டிக்குள்ளேயே இருப்பதால், அதிலிருந்து வரும் வாயுவை வெளியே கொண்டுபோக ஒரு மெல்லிய குழாய் உண்டு. பழைய பேட்டரியோடு அதைக் கழற்றி எறிந்துவிடாமல் புதியதில் மாட்ட வேண்டும். விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் குழாய், உள்ளே உட்காருகிறவர்களின் பாதுகாப்பு.

அதே சாக்கெட் வழியாகத்தான் கோடிங்கும் செய்கிறோம். பூட்டினால் பக்கக் கண்ணாடிகள் தானாக மடங்குவது, சிக்னலில் எஞ்சின் அணைவதை நான் நிறுத்திவைத்தால் அடுத்த முறையும் அதை வண்டி நினைவில் வைப்பது, மீட்டரில் வேகத்தை எண்ணாகவும் காட்டுவது. இந்த வசதிகள் எல்லாம் வண்டிக்குள் முன்பே இருப்பவை. ஒரு பூஜ்ஜியத்தை ஒன்றாக்கினால் விழித்துக்கொள்கின்றன. இதை என் மகள்தான் செய்கிறாள். நான் அவளுக்கு அருகில் இருக்கையில். "அப்பா, சார்ஜர் போட்டாச்சா?" என்று முதலில் கேட்பாள். இக்னிஷன் போட்ட நிலையில் பாதியில் வோல்டேஜ் இறங்கினால் கணினிப் பெட்டி எழுதிக்கொண்டிருப்பதை நடுவில் விட்டுவிடும். பழைய மதிப்புகளைச் சேமித்த பிறகுதான் எதையும் தொடுவாள். நான் ஹேண்டில் சுற்றிய வயதைவிட அவளுக்குச் சில வயது கூட. ஆனால் ஒரு பொறியைத் தொடுவதற்கு முன் அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் ஒழுங்கு அதேதான். சீட் பெல்ட் போடச் சொல்லிக் கூவும் மணியை எடுத்துத் தரச் சொல்லி ஒரு நண்பர் கேட்டார். "முடியாது அங்கிள்" என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முன்கண்ணாடியில் கேமரா வைத்ததுதான் நான் செய்த பெரிய மேம்பாடு. அதைக்கூட வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடியில் ஒட்டுவது சுலபம், ஒயரைக் கொண்டுபோவதில்தான் வேலை. கூரைத் துணியின் விளிம்பில் விரலால் செருகிக்கொண்டே வந்து, முன் தூணுக்குள் இறக்க வேண்டும். அந்தத் தூணின் மூடியைக் கழற்றினால் சுருட்டி வைத்த திரைப் பை தெரியும். விபத்தில் கண்மூடித் திறப்பதற்குள் விரிகிற ஏர்பேக் அது. ஒயர் அதன் முன்னால் போனால், அது விரியும்போது ஒயரும் கேமராவும் நம் முகத்துக்கே வரும். பின்னால்தான் போக வேண்டும். முன்பே உள்ள ஒயர்க் கட்டோடு சேர்த்து, துணி நாடாவால் சுற்றி இறக்கினேன். மின்சாரத்துக்கு ஒயரைக் கீறவில்லை. ஃபியூஸ் பெட்டியில் இக்னிஷனோடு அணைகிற ஓர் இடத்தில் தனி ஃபியூஸோடு எடுத்தேன். இரவெல்லாம் கேமரா விழித்திருந்தால் காலையில் பேட்டரி படுத்துவிடும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் இதே வேலையை அரை மணியில் செய்து தருவார்கள். நல்ல கைகள் அங்கே நிறைய உண்டு. ஆனாலும் ஏர்பேக்குக்குப் பின்னால் போயிருக்கிறதா என்று மூடியை மாட்டுவதற்கு முன் நின்று பாருங்கள்.

அப்பாவின் கையில் இருந்த ஓர் ஆற்றலை மட்டும் நான் கருவியிடம் விட்டுவிட்டேன். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அவருடைய மணிக்கட்டுக்குத் தெரியும். இரும்புக்கு அது போதும். இந்த வண்டியில் எங்கு தொட்டாலும் அலுமினியம், பிளாஸ்டிக். எண்ணெய் வடிக்கும் திருகுக்கு 25 நியூட்டன் மீட்டர், சக்கர போல்ட்டுக்கு 140. டார்க் ரெஞ்ச் 'டக்' என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். டயர்க் கடைகளில் நியூமேட்டிக் துப்பாக்கியால் இறுக்குவதை நான் அனுமதிப்பதில்லை. கையால் முடுக்கச் சொல்லிவிட்டு, கடைசி முறுக்கை நானே என் ரெஞ்சால் வைக்கிறேன். கடைக்காரத் தம்பிகள் ஒருபோதும் கோபித்துக்கொண்டதில்லை. ரெஞ்சை வாங்கிப் பார்ப்பார்கள்.

வெளியே தெரியும்படி எதுவும் செய்யக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு, சட்டத்துக்காக மட்டுமல்ல. முன்னால் பெரிய இரும்புக் கம்பி மாட்டுவதை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுக்கச் சொன்னது. அந்தக் கம்பி நடந்துபோகிறவரை நசுக்கும். மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு ஏர்பேக்கின் சென்சாரையும் ஏமாற்றும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஒரு வண்டியை வடிவமைத்தவர்கள் மோதலையும் பிரேக்கையும் எடையையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கலைக்காமல், அது சொன்னதைச் சரியாகச் செய்ய வைப்பதுதான் நம் வேலை. அப்பாவின் ரிலேயும் அதைத்தான் செய்தது.

வீட்டில் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் அதில் ஒன்று. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று பல வண்டிகளில் சொல்கிறார்கள். இந்தக் கியர்பாக்ஸைச் செய்யும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஆயுள் என்று எவருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்பதை வாங்குகிறவர் கேட்டே ஆக வேண்டும். முதல் உரிமையாளரிடம் இருக்கும் காலமா, இல்லை வண்டி ஓடும் காலமா? பள்ளிக்கரணைப் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். "சார், இத வீட்ல ட்ரை பண்ணாதீங்க. வண்டி மட்டமா நிக்கணும், எஞ்சின் ஓடணும், ஆயில் சூடு எவ்ளோன்னு லேப்டாப்ல பாத்துக்கிட்டே லெவல் வைக்கணும்" என்றார். ஃபில்டர் தனியாகக் கிடையாது. அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியோடு சேர்ந்தது, தொட்டியையே மாற்ற வேண்டும். கழற்றிய தொட்டிக்குள் காந்தங்களில் ஒட்டியிருந்த சாம்பல் பசையை விரலில் தடவிக் காட்டினார். துகள் இல்லை, பசைதான், நல்லது என்றார். அப்பா கான்டாக்ட் பாயிண்டின் குழியைப் படித்தது போலவே அவர் அதைப் படித்தார். இப்படிப்பட்டவர்கள் ஊரில் இருக்கும்வரை எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஆனால் அவருடைய லேப்டாப்பில் இருக்கும் தகவல் அவருக்கு எளிதாகக் கிடைத்ததில்லை. ஒயரிங் படம், முறுக்கு அளவு, எண்ணெயின் சரியான சூடு எல்லாவற்றுக்கும் அவர் அலைந்திருக்கிறார், கடன் வாங்கிப் பணம் கட்டியிருக்கிறார். ஐரோப்பாவில் 2007லேயே, வெளி மெக்கானிக்குகளுக்கும் பழுதுபார்க்கும் தகவலைத் தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்களே வாக்களித்து அந்த உரிமையை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 2022இல் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, ஆண்டின் இறுதியில் இணையதளமும் திறந்தது. வாகனத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அது சட்டமாக வேண்டும். ஒரு கோடி ரூபாய் வண்டியோ ஐந்து லட்ச ரூபாய் வண்டியோ, வாங்கியவருக்கும் அவர் நம்பும் மெக்கானிக்குக்கும் அந்த வண்டி திறந்த புத்தகமாக இருக்க வேண்டும். அம்பாசிடர் கையேட்டை அச்சடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர எவரும் தேவைப்படவில்லை.

நானும் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். பேட்டரி பதிந்த தேதி, கோடிங்கில் எந்த மதிப்பை எதிலிருந்து எதற்கு மாற்றினோம் என்ற பட்டியல், கேமரா ஒயர் போகும் பாதை, கியர்பாக்ஸ் எண்ணெயின் ரசீது. கணினி சொல்லும் தூரத்துக்கு முன்பே எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறேன். இந்த எஞ்சினின் டைமிங் செயின் பின்பக்கம் இருக்கிறது, அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், நல்ல எண்ணெய்தான் அதற்குக் காப்பு. அந்தத் தேதிகளும் அதில் உண்டு. வண்டியை விற்கும்போது வாங்குகிறவருக்குச் சேர்த்துக் கொடுப்பேன்.

அடுத்து பிரேக் ஆயில். டாட் 4 காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கும். கடலோர ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் விடக்கூடாது. மழை விட்டதும் பள்ளிக்கரணைக்குக் கொண்டுபோக வேண்டும். மகளும் வருகிறேன் என்றிருக்கிறாள். லிஃப்டில் ஏற்றும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் எங்கே இருக்கிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டுமாம். தம்பியிடம் ஃபோனில் சொல்லிவைத்தேன். "கூட்டிட்டு வாங்க சார், ஒரு கிளவுஸ் எடுத்து வெக்கிறேன்" என்றார்.